அவிச்ச விதைநெல்

மகன்,

சலாம். சுகம் விசாரிக்கிறதெல்லாம் நேத்துப் போன்லயே முடிஞ்சுது, அதைத் திரும்ப எழுதிப் பேனையைத் தேய்க்க மாட்டன். வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வருவாய், ரெண்டு நாள் நிப்பாய், சொந்தக்காரர் வீடு வீடாப் போய்ப் பொருத்தம் கேட்பாய், பொறகு பிளேன் ஏறிருவாய். தூரப் பயணம் போற மனிசன் ஒவ்வொரு வாசலாப் போய் நிண்டு, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொருந்திக்கொள்ளுங்க எண்டு கேட்கிறது எங்கட வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனா நீ போன்ல ஒண்டு சொன்னாய். ஜெஸீமா சாச்சியை மட்டும் கேற்றடிக்குக் கூப்பிட்டுக் கேட்பன், அந்த மனிசன்ட முகத்துல முழிக்க மாட்டன் எண்டாய். அந்த மனிசன் எண்டு நீ சொன்னது என்ட தங்கச்சிட புருஷனை, உன்ட நஸார் சாச்சாவை. நான் ஓம் எண்டு சொல்லிப் போனை வச்சிட்டன். வச்ச பொறகு ஒரு வாய் சோறு இறங்கல்ல. அதனாலதான் இதை எழுதுறன், வாசிச்சிட்டு வா. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்ல. இவளுக்கு வாய் நீளம் எண்டு ஊர் சொல்லும், ஆனா வாய் வேற, துணிவு வேற.

நீ போற நாட்டுட பேர் என்ட வாயில நுழையுதில்ல. அங்க பஞ்சம், சனம் இலையைப் பிடுங்கி அவிச்சுத் தின்னுது, பிள்ளைகள்ட விலா எலும்பை எண்ணலாம், இது மட்டும் எனக்கு விளங்கும். நீ நிவாரணம் குடுக்கிறவங்களோட போறாய். வீடு வீடாப் போய்ப் பார்த்து, ஆருக்குச் சாப்பாடு குடுக்கிறது ஆருக்குக் குடுக்காம விடுறது எண்டு லிஸ்ட் எழுதுறதுதான் உன்ட வேலை. "முதல்ல உசிரைக் காப்பாத்தணும் உம்மா, மத்ததெல்லாம் பொறகு" எண்டு பெரிய மனிசனாட்டம் சொன்னாய். அந்தப் பொறகு எண்ட சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வந்திச்சு. உனக்கு முந்தி நான் லிஸ்ட் எழுதினவள், மகன். என்ட லிஸ்ட் இந்தக் குடும்பத்துக்குள்ள ஒரு காதையும் ஒரு கையையும் தின்னுட்டு, ரெண்டு ஏக்கர் வேளாண்மையையும் தின்னுட்டு. நான் கறுப்பு மனசுக்காரி இல்ல. நியாயமா எழுதுறன் எண்டு நினைச்சுக்கிட்டுத்தான் எழுதினன்.

எனக்கு இந்த நியாயம் எங்க இருந்து வந்த எண்டு முதல்ல சொல்றன். சுனாமியில கடல் ஊருக்குள்ள வந்த நேரம் உனக்கு நாலு வயசு. பள்ளிக்கூடத்துல அகதியா இருந்தம். ஒரு நாள் லொறி வந்து நிண்டுது, மேல நிண்டவங்க அரிசிப் பொதியைக் கீழ எறிஞ்சாங்க, நாய்க்கு எறியிற மாதிரி. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பொதிட ஒரு தொங்கலைப் பிடிச்சன். மத்தத் தொங்கலை வேறொரு பொம்பிளை பிடிச்சாள். அவள் விடல்ல. நான் குனிஞ்சு அவள்ட மணிக்கட்டைக் கடிச்சன். பல்லுக்குள்ள தோல் வந்திச்சு, வாயில ரத்தம் உப்பாக் கரிச்சுது. அவள் என்ட முடியைப் பிடிச்சுத் தலையைத் தரையில அடிச்சாள். பொதி கிழிஞ்சு அரிசி மண்ணோட மண்ணாப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் முட்டுக்கால்ல நிண்டு அந்த அரிசியைப் பொறுக்கினம், மேலால சனம் ஓடி மிதிச்சுது. பொறகு பார்த்தா, வீடு உடையாதவன் மூணு பொதியைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போறான். அண்டைக்கு ஒரு முடிவெடுத்தன். ஒரு நாளைக்கு என்ட கையில லிஸ்ட் வந்தா, இருக்கிறவன் ஒருத்தனுக்கும் ஒரு மணி அரிசி போக விடமாட்டன் எண்டு. மௌத்தாப் போன உங்கட வாப்பா ரெண்டு வருஷம் அரிசி லைன்லயே நிண்டார், கடலோட வள்ளம் போன மனிசனுக்கு ஒருத்தரும் வலை குடுக்கல்ல. அதையும் கண்ணால கண்டன். கண்டும் பாதியைத்தான் படிச்சன்.

உரம் இல்லாமப் போன வருஷம் நீ கொழும்புல படிச்சுக்கிட்டிருந்தாய். இங்க நடந்ததை நாங்க உனக்கு அரைகுறையாத்தான் சொன்னம். மாரி வேளாண்மை சரிபாதி பதரு. சமைக்கக் கேஸ் இல்ல, பால்மா இல்ல. பெட்ரோல் லைன்ல ஒருத்தன் மத்தவன்ட மண்டையை ஹெல்மெட்டால உடைச்சான், ரெண்டு பேரும் ஒரே ஒழுங்கையில பிறந்து வளர்ந்தவங்க. அந்த நேரத்துலதான் எங்கட மஹல்லா மாதர் சங்கத்துக்கு அரிசி, பருப்பு, மா எண்டு பார்சல் வந்திச்சு. ஆரு லிஸ்ட் எழுதுற எண்டு கேட்ட உடனே எல்லாரும் என்னைக் காட்டினாங்க. தந்த படிவத்துல ஒரு கேள்வி இருந்திச்சு, வீட்டுல அரிசியோ நெல்லோ கையிருப்பு இருக்கா எண்டு. இருக்கு எண்டு எழுதினா அந்த வீட்டுக்குப் பார்சல் இல்ல. அந்தக் கேள்வியைக் கண்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கெண்டே எழுதின கேள்வி அது எண்டு நினைச்சன்.

மூணு வீடு தள்ளி உன்ட சாச்சி. நஸார் இறக்காமத்துப் பக்கம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செஞ்சுக்கிட்டிருந்தார். அந்த வருஷம் விளைஞ்ச கொஞ்சத்துல நல்ல நெல்லாப் பார்த்துப் புடைச்சு, ரெண்டு சாக்கு விதைக்கெண்டு வச்சிருந்தாங்க. வயல் காவல் வாடியில வச்சா யானை மோப்பம் பிடிச்சு வந்து வாடியையே பிரிச்சுப் போட்டிரும், அதனால இங்க படுக்கிற அறையில கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. மத்தப் பொம்பிளைகள் நான் வாறன் எண்டு கேள்விப்பட்டதும் இருந்த நெல்லை மருமகள் வீட்டுலயும் மச்சினன் வீட்டுலயும் கொண்டுபோய் ஒளிச்சாளுகள். என்ட தங்கச்சி ஒளிக்கல்ல. கதவைத் திறந்து சாக்கைக் காட்டினாள். "ராத்தா, இது விதை. இதைச் சாப்பாடு எண்டு எழுதிராதீங்க" எண்டாள். அடுப்புல மரவள்ளிக் கிழங்கு வெந்துக்கிட்டிருந்திச்சு, ஒரு நாளைக்கு ஒருக்கா அது மட்டும்தான். நான் கட்டில்ல இருந்துக்கிட்டு, இருக்கு எண்டு எழுதினன். எழுதிட்டு வெளிய வந்து நாலு பேருக்குக் கேட்கச் சொன்னன், என்ட கூடப் பிறந்தவளையே வெட்டிட்டன், இனி ஒருத்தரும் என்ட லிஸ்ட்டுல நொட்டை சொல்ல வரவேணாம் எண்டு. நெஞ்சு விரிஞ்சு நடந்தன் மகன். அந்த நடையை இப்ப நினைச்சா என்னை நானே செருப்பால அடிக்கலாம் போல இருக்கு.

ரெண்டு கிழமை போச்சு. நஸார் இறக்காமத்துக்குப் போயிட்டார், வயல்காரர்ட வட்டைக் கூட்டத்துல விதைப்புக்கு நாள் வச்சாச்சு, குளத்துத் தண்ணி திறக்க முந்தி வாய்க்கால் வெட்டணும். இங்க அவங்கட சின்ன மகள் நிண்ட நிலையில மயங்கி விழுந்தாள். சாச்சி அவளைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பார்சல் குடுக்கிற இடத்துக்கு வந்தாள். முன்னால நாப்பது பொம்பிளைகள் நிக்கிறாங்க, கத்துறாங்க, ஒருத்திட பையை ஒருத்தி இழுக்கிறாள், எனக்கு வெயில்ல தலை வெடிக்குது. அவள் ஒண்டும் கத்தல்ல. ஒரு கொத்து அரிசி மட்டும் அளந்து தாங்க ராத்தா எண்டு மெதுவாக் கேட்டாள். நான் எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டன். "ரெண்டு சாக்கு நெல்லைக் கட்டி வச்சுக்கிட்டுப் பசி எண்டு வந்து நிக்கிறியே, வெக்கமில்லையா? போய் அதை அவிச்சுத் தின்னு!" சொல்லிட்டுத் தோள்ல பிடிச்சுத் தள்ளினன். பிள்ளையோட முட்டுக்கால்ல விழுந்தாள். இவள்தான் நேர்மையான மனிசி எண்டு லைன்ல ஒருத்தி சொன்னாள். அது எனக்குத் தேனாட்டம் இருந்திச்சு.

அவள் வீட்டுக்குப் போய் ராத்தா சொன்னதைச் செஞ்சாள். அவிச்ச நெல் முளைக்காது எண்டு வேளாண்மைக்காரன் பொஞ்சாதிக்குத் தெரியாதா, தெரியும். பிள்ளை கண்ணைத் திறக்காமக் கிடக்குது, மூத்தவள் நானும் சொல்லிட்டன், வேற என்ன செய்வாள்? அரைவாசியை அவிச்சிட்டு மத்ததை வைக்கலாமே எண்டு நீ கேட்பாய். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வாசனைக்கு வந்து நிண்டுதுகள், அவள் ஆரைத் துரத்துவாள்? ரெண்டு நாள்ல ரெண்டு சாக்கும் அண்டாக்குள்ள போச்சு. கடைசி அவிப்பு பாயில காயுது, பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம், நஸார் சைக்கிள்ல வந்து இறங்கினார்.

பத்து நாள் பட்டினியோட வாய்க்கால் வெட்டின மனிசன். பாயில கிடந்த நெல்லை ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். உள்ளுக்குப் போய் சாக்கைப் பார்த்தார். பொறகு வாய்க்கால் வெட்டின மம்பெட்டியில இருந்து பிடியைக் கழட்டி எடுத்தார். நான் இதைக் காணல்ல, பக்கத்து வீட்டு ஹஸீனா மதிலுக்கு மேலால கண்டு சொன்னது. ஆரு அவிக்கச் சொன்னது எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சார். முதுகுல அடிச்சார், காலுல அடிச்சார், கடைசியா விழுந்தது காதுல. சாச்சி வாயைத் திறந்து என்ட பேரைச் சொல்லியிருந்தா அந்த அடி நிண்டிருக்கும். சொல்லல்ல. இடது காதால ரத்தம் ஒழுகி, மண்ணுல விழுந்து கிடந்தாள். அந்தக் காது அண்டைக்குப் போனதுதான். இதுல ஒண்டை வடிவா விளங்கிக்கொள், அவர் அடிச்சது சரி எண்டு நான் சொல்லல்ல. எந்தப் பசியும் அதைச் சரியாக்காது. நாளைக்கு மறுமையில அதுக்கு அவர்தான் பதில் சொல்லணும், நான் அவருக்காக வாதாடப் போறதில்ல.

இனி உனக்குத் தெரியாதது. கேஸ் இல்லாத காலம், நான் முற்றத்து அடுப்புல விறகு எரிச்சுக்கிட்டிருந்தன். ஹஸீனா கத்தின சத்தம் கேட்டு, எரிஞ்சுக்கிட்டிருந்த கொள்ளியை அப்பிடியே இழுத்துக்கிட்டு ஓடினன். முதலாவது அடி அவர்ட முதுகுல, சேட்டு பத்தினது. ரெண்டாவதுக்குத் திரும்பி வலது கையைத் தூக்கினார், என்னை அடிக்கத் தூக்கல்ல, முகத்தை மறைக்கத் தூக்கினார். மணிக்கட்டுல விழுந்திச்சு. முருங்கைக் கொப்பு முறியிற சத்தம். கை தொங்கிப் போச்சு, மம்பெட்டிப் பிடி கீழ விழுந்திட்டு. அதோட நான் நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டல்ல. தொங்குற கைக்கே திரும்ப அடிச்சன். தோல் கருகின மணம் எனக்கு மூக்குல இன்னும் இருக்கு. பொம்பிளைக்குக் கை ஓங்கின மனிசன், எனக்குத் திருப்பி ஓங்கல்ல. நிலத்துல குந்தி, முறிஞ்ச கையை மடியில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மதினி, லிஸ்ட் எழுதினது ஆரு?"

நான் கொள்ளியைத் திரும்பவும் தூக்கினன். ஹஸீனாட புருஷன் பின்னால வந்து பறிச்சிட்டார். சாச்சி, அவ்வளவு அடி வாங்கினவள், தவழ்ந்து வந்து அவர்ட கையில முந்தானையைச் சுத்தினாள். பெட்ரோல் கிடைக்காம மூணு நாள் பிந்தித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, எலும்பு கோணலா ஒட்டிட்டு. உழவு மெஷின் பெல்ட் இழுத்தது எண்டு அவரே எல்லாருக்கும் சொன்னார். நான் மறுத்துச் சொல்லல்ல. உனக்கு நான் சொன்னது, விதைநெல்லைக் கொஞ்சம் அவிச்சதுக்குச் சாச்சா சாச்சிட காதை உடைச்சிட்டார், அவ்வளவுதான். நீ கொழும்புல இருந்து வந்து அவர்ட கேற்றடியில நிண்டு, மிருகம் எண்டு ஏசிக் காறித் துப்பினாய். கட்டுப் போட்ட கையோட நிண்டு கேட்டுக்கிட்டிருந்தார். உனக்குப் பின்னால நான் நிண்டன், வாயைப் பொத்திக்கிட்டு நிண்டன். கொள்ளியால மூணு அடி, நாலாவது அது.

பொறகு என்ன நடந்த எண்டு கேள். குளத்துல தண்ணி திறந்தாங்க. அந்த வட்டை வயல் முழுக்க விதைச்சுது, அந்த ரெண்டு ஏக்கர் மட்டும் புல்லு முளைச்சுக் கிடந்திச்சு. விதை இல்ல, கையும் இல்ல. அடுத்த போகம் காணிக்காரன் வேற ஆளுக்குக் குத்தகைக்குக் குடுத்திட்டான். நான் ஓடிப்போய் லிஸ்ட்டுல முதலாவதா அவங்கட பேரை எழுதினன். இப்ப கையிருப்பு இல்லைதானே, சட்டப்படி சரி. பார்சல் நாலஞ்சு மாசம் வந்திச்சு, பொறகு நிண்டுட்டு. மத்த வேளாண்மைக்காரர் அறுவடை செஞ்சு எழும்பிட்டாங்க. நஸார் இப்ப கடற்கரையில வள்ளத்துக்குக் காவல், ஒற்றைக் கையால கயிறு கட்டுறார். ஸகாத் லிஸ்ட், நோன்புக்கால அரிசி லிஸ்ட், வெள்ள நிவாரணம், எந்த லிஸ்ட்டை எடுத்தாலும் அவங்கட பேர் இருக்கு. ஒரு கொத்து அரிசிக்கு நான் செஞ்ச கஞ்சத்தனம், ஒரு குடும்பத்தைச் சாகும்வரைக்கும் லைன்ல நிப்பாட்டிட்டு.

பசிக்கு நாள் இருக்கு, விதைப்புக்கும் நாள் இருக்கு, மகன். ரெண்டும் ஒண்டையொண்டு பார்த்து நிக்காது. நீ பொறகு எண்டு சொல்ற அந்தப் பொறகு வரைக்கும் விதை சாக்குக்குள்ள கிடக்காது, பக்கத்து அறையில பிள்ளை அழுதா அது அண்டாவுக்குள்ள போயிரும். விதையைப் பூட்டுப் போட்டுக் காப்பாத்தேலாது, கொள்ளியால அடிச்சும் காப்பாத்தேலாது. அந்த வீட்டு அடுப்புல வேற சோறு வேகணும், அப்பதான் விதை விதையா இருக்கும். அந்த ரெண்டு சாக்கைக் காப்பாத்தத்தான் பார்சல் அரிசி வந்திருக்கணும், அதை வச்சே நான் அந்தச் சாக்கை அழிச்சன். சும்மா சோறு மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தாலும் சரிவராது, வலை கிடைக்காம லைன்லயே நிண்ட உங்கட வாப்பாவை நீ மறக்கல்லதானே.

போன முறை வெள்ளம் வந்து வேளாண்மை அழிஞ்ச நேரம், மாதர் சங்கக் கூட்டத்துல நான் எழும்பி, விதை வச்சிருக்கிற வீட்டுக்கும் அறுவடை வரைக்கும் அரிசி குடுக்கணும் எண்டன். சண்டைதான். நெல் இருக்கிறவளுக்கு அரிசியா, உன்ட தங்கச்சி வீட்டுக்கு நீ செஞ்சது எங்களுக்குத் தெரியாதா எண்டு ஒருத்தி என்ட கன்னத்துல அறைஞ்சாள். நான் திருப்பி அடிக்கல்ல. வாழ்க்கையில முதல்தரம் நான் திருப்பி அடிக்காதது அதுதான். அடுத்த நாள் ஜன்னலுக்குக் கல் எறிஞ்சாங்க. மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்யிற பதினொரு வீட்டுக்கு அரிசி போச்சு, பதினொரு வீடும் விதைச்சுது. ஆனா அந்த அரிசி ஒண்டும் இல்லாத வேற வீடுகள்ட பங்குல இருந்துதான் வெட்டுப்பட்டது, அதையும் சொல்லணும். ஒரு கிழவர் என்ட முகத்துக்கு நேர என்னைச் சபிச்சார். நீ எப்பிடி எழுதினாலும் ஒருத்தன் சபிப்பான். ஆனா விதையைக் கண்டா, அந்த வீட்டை வெட்டாத. முதலாவதா எழுது.

நேத்து உன்னோட கதைச்ச பொறகு நான் அவங்கட வீட்டுக்குப் போனன். கொள்ளியோட ஓடின நாளுக்குப் பொறகு அந்த வாசல்படியைத் தாண்டாதவள். மகனுக்கு எல்லாத்தையும் எழுதப்போறன், அதுக்கு முந்தி என்னைப் பொருந்திக்கொள்ளுங்க எண்டு ரெண்டு பேர்ட்டயும் கேட்டன். அவிக்கச் சொன்னது நான்தான் எண்டு அவருக்கு முன்னால சொன்னன். சாச்சி அழுதாள், எப்பவோ பொருந்திட்டன் ராத்தா எண்டாள். ஏன் என்ட பேரை அண்டைக்குச் சொல்லல்ல எண்டு கேட்டன். உங்களுக்கும் அடி விழும் எண்டுதான் சொல்லல்ல எண்டாள். நான் எழும்பி வர வெளிக்கிட்ட நேரந்தான் நஸார் வாயைத் திறந்தார்.

"கைக்குப் பொருந்திட்டன் மதினி. அந்த லிஸ்ட்டுக்குப் பொருந்தமாட்டன்."

அவர் பொருந்தாத அதே வேலைக்குத்தான் நீ பிளேன் ஏறப் போறாய். வெள்ளிக்கிழமை வந்ததும் முதல்ல அந்த வீட்டுக்குப் போ, கேற்றடியில நிக்காத, உள்ளுக்குப் போய் அவருக்குப் பக்கத்துல இரு. நீ துப்பினதுக்குப் பொருத்தம் கேளு. எனக்காக ஒண்டும் கேட்காத. பொறகு உன்ட படிவத்தை எடுத்து அவர்ட மடியில வை, வச்சிட்டு, இதை எப்பிடி எழுதியிருந்தா நீங்க அண்டைக்கு விதைச்சிருப்பீங்க எண்டு கேளு.

உன்ட உம்மா